ஊருக்கு ஊர் வழக்கம்: இந்தியாவைச் சுற்றக் கிளம்பும் தமிழருக்கு ஒரு முழு வழிகாட்டி

தில்லி போகும் ரயில் நாக்பூரைத் தாண்டியிருந்தது. எதிர் இருக்கையில் ஒரு ஹரியானாப் பெரியவர். மனைவியோடு கன்னியாகுமரி பார்த்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று போன ரயில் பேச்சு, கடைசியில் கல்யாணத்தில் வந்து நின்றது. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், என் மனைவியைக் காட்டி, "இவள் என் புவாவின் மகள்" என்று பெருமையாகச் சொன்னேன். புவா என்றால் அத்தை. பெரியவருக்கு முகம் மாறிவிட்டது. "புவா என்றால்... உங்கள் அப்பாவின் சொந்தத் தங்கையா?" என்றார். "இல்லை, அக்கா" என்று திருத்தினேன். அவர் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். போபால் வரை இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

நமக்கு முறைப்பெண். அவர்கள் கணக்கில் அத்தை மகள் உடன்பிறந்த தங்கைக்குச் சமம். ஹரியானா கிராமங்களில் சொந்த கோத்திரத்தில் மட்டுமல்ல, அம்மாவின் கோத்திரத்திலும், ஒரே ஊருக்குள்ளும்கூடப் பெண் எடுக்க மாட்டார்கள். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் நெருங்கிய உறவுத் திருமணத்தைத் தடுத்துவிட்டு, வழக்கம் இருக்கும் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுத்திருக்கிறது. அந்த விதிவிலக்கின் தயவில்தான் நம் மாமன் மகள், அக்கா மகள் கல்யாணங்கள் எல்லாம் செல்லுபடியாகின்றன. இது எனக்கு அந்த ரயிலில் தெரியாது.

அதற்குப் பிறகு பல வருடம் சுற்றியதில் ஒன்று பிடிபட்டது. முற்றிலும் புதிய இடத்தில் நாம் பெரிதாகத் தவறுவதில்லை. புத்த மடத்துக்குள் நுழைந்தால் முன்னால் போகிறவரைப் பார்த்து அப்படியே செய்வோம். கோயில், சாப்பாடு, அண்ணன் தம்பி உறவு, தீபாவளி என்று நமக்குத் தெரிந்ததுதானே என்று நினைக்கும் இடத்தில்தான் கால் இடறுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இடங்களில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

படி 1: டிக்கெட் எடுக்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்

நம் தினசரிக் காலண்டரை நம்பி வடக்கே பயணம் போடாதீர்கள். அங்கே மாதமே வேறு இடத்தில் தொடங்கும். சிவனுக்கு உகந்த சாவன் மாதம் உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம் பௌர்ணமிக்கு மறுநாள் பிறக்கும். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் பிறக்கும். சாவனில் காசிக்குப் போனால் திங்கட்கிழமைகளில் கூட்டம் தாங்காது. அதே சமயத்தில் ஹரித்துவாரிலிருந்து கங்கை நீர் சுமந்து நடக்கும் காவடி யாத்திரையும் நடக்கும். தில்லி வரை சாலையில் வண்டி நகராது. தோளில் காவடிதான், ஆனால் முருகனுக்கு இல்லை, சிவனுக்கு.

நவராத்திரி நமக்குக் கொலுவும் சுண்டலும். வடமாநிலங்களில் பலருக்கு அது ஒன்பது நாள் விரதம்: வெங்காயம், பூண்டு, அரிசி, கோதுமை எதுவும் கிடையாது, ஜவ்வரிசியும் இந்துப்பும்தான். அசைவக் கடைகள் பல மூடியிருக்கும். அதே நாட்களில் கொல்கத்தாவில் துர்கா பூஜை, தெருவெங்கும் மட்டனும் மீனும் மணக்கும். ஒரே பண்டிகையா என்று கேட்காதீர்கள், ஒன்றேதான்.

தீபாவளிக்கு நாம் விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி போட்டு வெடி வைப்போம். வடக்கே அமாவாசை மாலை லட்சுமி பூஜைதான் பண்டிகை. விடியற்காலை நாலு மணிக்கு அங்கே சரவெடி கொளுத்தினால் அக்கம்பக்கம் முழுதும் அடித்துப்பிடித்துக்கொண்டு எழுந்து வரும். ஹோலியன்று மதியம் வரை வெளியே போகாமலிருப்பது நல்லது. போவதானால் தூக்கிப்போடும் சட்டையில் போங்கள். அன்று வண்ணம் பூசியவரிடம் சண்டை போடுவது மரியாதை இல்லை. பெண்கள் தனியாகப் போகாமல் தெரிந்த குடும்பத்தோடு விளையாடுவதே பத்திரம்.

அப்புறம் காகிதங்கள். அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் நான்குக்கும் நாம் இந்தியக் குடிமக்களாக இருந்தும் 'இன்னர் லைன் பெர்மிட்' எடுக்க வேண்டும். 1873இல் ஆங்கிலேயர் போட்ட ஒழுங்குமுறை அது. இன்று அங்குள்ள பழங்குடி மக்கள் தங்கள் நிலத்துக்கும் மக்கள்தொகைக்கும் காவலாக அதைப் பார்க்கிறார்கள். "சொந்த நாட்டுக்குள் போக எதற்கு அனுமதி?" என்று சோதனைச் சாவடியில் வாதாடாதீர்கள். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

பையில் பாட்டில் வைத்திருப்பவர்கள் கவனிக்க: குஜராத், பீகார், நாகாலாந்து, மிசோரம் மதுவிலக்கு மாநிலங்கள். குஜராத்தில் வெளிமாநிலத்தார் தற்காலிகப் பெர்மிட் வாங்கலாம். பீகாரில் 2016 ஏப்ரல் முதல் அந்தப் பேச்சே இல்லை. குடித்துவிட்டுப் பிடிபட்டாலும் குற்றம். ரயில் பீகார் வழியாகப் போகிறது என்றாலும் பையில் இருக்க வேண்டாம்.

படி 2: எப்படிக் கூப்பிடுவது என்று கற்றுக்கொள்ளுங்கள்

பத்து வார்த்தை போதும். ஆனால் அந்தப் பத்தும் சரியாக இருக்க வேண்டும்.

இந்தியில் 'நீ' என்பதற்கு மூன்று சொல்: தூ, தும், ஆப். சினிமா பார்த்து இந்தி கற்ற நம்மவர்களுக்கு 'தும்'தான் முதலில் வாயில் வரும். கதாநாயகன் கதாநாயகியை அப்படித்தானே அழைக்கிறான்! லக்னோவில் பெரியவர் ஒருவரைத் 'தும்' என்றால், நம்மூரில் அறுபது வயதுக்காரரை "நீ எங்கப்பா போற?" என்று கேட்டதாகிவிடும். மும்பைத் தெருவில் 'தும்' ஓடிவிடும். கங்கைக் கரை ஊர்களில் ஓடாது. எல்லாரையும் 'ஆப்' என்று சொல்லிவிடுங்கள். சிறு பிள்ளையையும் அப்படி அழைப்பவர்கள் லக்னோவில் உண்டு. பெயருக்குப் பின்னால் ஒரு 'ஜி' சேர்த்தால் பாதி வேலை முடிந்தது.

மலையாளத்தில் இதற்கு நேர்மாறான கண்ணி. நம் 'நீங்கள்' மரியாதைச் சொல். அதே சொல் 'நிங்ஙள்' என்று கேரளத்தில் இருக்கிறது, ஆனால் பெரியவரிடமோ அதிகாரியிடமோ சொன்னால் பலருக்குச் சுருக்கென்று இருக்கும். அங்கே மரியாதை என்பது முன்னிலைச் சொல்லைத் தவிர்ப்பதில் இருக்கிறது. "சேட்டன் எங்ஙோட்டா?", "சேச்சி பறயூ", "சார் வந்நோ?" என்று உறவுப் பெயரையோ பதவியையோ சொல்லிப் பேசுவார்கள். இது தெரியாமல் நான் திருச்சூரில் ஒரு பெரியவரிடம் ஐந்து நிமிடம் மிகப் பணிவாக 'நிங்ஙள்' போட்டுப் பேசினேன். அவர் மிகப் பணிவாக என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

வங்காளத்தில் ஆண்களை 'தாதா' என்று அழைக்க வேண்டும். நம் சினிமா தாதா இல்லை, அண்ணன். பெண்களுக்கு 'தீதி'. குஜராத்தில் பெயரோடு பாய், பென். பஞ்சாபில் பாஜி, பெஹன்ஜி. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் பெயரோடு 'காரு', வினையோடு 'அண்டி'. கர்நாடகத்தில் அண்ணா, அக்கா அப்படியே செல்லும், இந்தியைவிட நம் உடைந்த கன்னடத்துக்கு அங்கே மதிப்பு அதிகம். வங்காளத்திலும் இதே கதைதான். தமிழ்நாட்டுக்கு வெளியே எல்லாரும் இந்திக்காரர் என்று நினைத்து எல்லா இடத்திலும் இந்தியில் ஆரம்பிப்பது நாம் செய்யும் தவறு. நம்மை அவர்கள் 'மதராசி' என்று மொத்தமாகச் சொன்னால் மட்டும் கோபம் வருகிறது.

வணக்கமும் ஊருக்கு ஒன்று. பிருந்தாவனத்தில் 'ராதே ராதே', ஹரியானாவில் 'ராம் ராம்', குஜராத்தில் 'ஜெய் ஸ்ரீகிருஷ்ணா', சீக்கியர்களிடம் 'சத் ஸ்ரீ அகால்', லடாக்கில் 'ஜூலே', காசி மலைநாட்டில் 'குப்லேய்'. (இந்தக் காசி மேகாலயாவில் இருக்கும் காசி இனத்தாரின் மலை, கங்கைக்கரைக் காசியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.) ஜூலே, குப்லேய் இரண்டும் நன்றிக்கும் ஆகும் என்பதால் இரட்டை லாபம்.

படி 3: கோயில் என்று எல்லாம் தெரிந்ததுபோல் நுழையாதீர்கள்

கேரளத்திலிருந்து தொடங்கலாம். குருவாயூர், திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி போன்ற பெரிய கோயில்களில் ஆண்கள் சட்டையும் பனியனும் கழற்றி வேட்டியோடுதான் உள்ளே போக வேண்டும். பேண்ட்டுக்கு மேலே வேட்டியைச் சுற்றிக்கொண்டு சமாளிக்கும் நம்மூர் உத்தியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சுசீந்திரம் போய்வந்தவர்களுக்குச் சட்டை கழற்றுவது புதிதில்லை. பெண்களுக்குச் சேலை எங்கும் பிரச்சினையில்லை. சுடிதார் குருவாயூரில் 2007 முதல் அனுமதி. பத்மநாபசுவாமி கோயிலில் அதன்மேல் ஒரு முண்டு சுற்றிக்கொள்ளச் சொல்வார்கள், வாசலிலேயே கிடைக்கும். இந்து அல்லாதவருக்கு இவ்விரண்டிலும் அனுமதி இல்லை. குருவாயூரப்பன் பாடல்களை வாழ்நாளெல்லாம் பாடிய யேசுதாசுக்கே குருவாயூரில் இல்லை. உங்களோடு வேற்று மத நண்பர் வந்தால் வாசலில் அவரைச் சங்கடப்படுத்தாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உள்ளே போனால் இன்னொரு வித்தியாசம். நம்மூர் குருக்கள் தட்டோடு நம்மிடம் வருவார், நாம் காசு போடுவோம், விபூதி தருவார். கேரளத்தில் நம்பூதிரி பிரசாதத்தை உங்கள் கையில் படாமல் மேலிருந்து போடுவார். தள்ளிப் போடுகிறாரே என்று அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பூஜை முடியும்வரை அவர் யாரையும் தொடுவதில்லை. நீங்களும் அவர் கையைத் தொட எட்டாதீர்கள்.

அங்கிருந்து நேரே காசிக்குப் போனால் தலைகீழ். நம் கோயிலில் கருவறைப் படியைக்கூட மிதிக்க முடியாது. வடநாட்டுச் சிவன் கோயில்கள் பலவற்றில் பக்தரே லிங்கத்துக்கு நீர் ஊற்றி, வில்வம் சாற்றி, தொட்டுக் கும்பிடுவார். காசி விசுவநாதரையும் குறிப்பிட்ட நேரங்களில் தொட்டு வணங்க விடுவதுண்டு. நம்மவர்கள் சிலர் "இது என்ன ஆசாரம்?" என்று முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் நம்மூருக்கு வந்து சாமியைப் பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்கிறார்கள். செல்போன் காசி, பூரி, குருவாயூர் எதிலும் உள்ளே கூடாது. விடுதி அறையிலேயே வைத்துவிட்டுப் போனால் லாக்கர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

உஜ்ஜயினி மகாகாளேசுவரரின் பஸ்ம ஆரத்தி விடிகாலை நாலு மணிக்கு. ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குச் சேலை. சாம்பல் சாற்றும் நேரத்தில் பெண்கள் முக்காடிட்டுப் பார்வையைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

பூரி ஜகன்னாதர் கோயிலில் 2024 ஜனவரி 1 முதல் ஜீன்ஸ், அரைக்கால் சட்டை, கையில்லா உடைக்குத் தடை. இந்து அல்லாதவர் விஷயத்தில் மிகக் கறார். பார்சி ஒருவரை மணந்தவர் என்பதால் 1984இல் இந்திரா காந்தியையே உள்ளே விடவில்லை. அப்படிப்பட்ட கோயிலில்தான் ஆனந்த பஜார் இருக்கிறது. மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு அடுக்கிச் சமைத்த மகாபிரசாதத்தைச் சாதி பார்க்காமல் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் தன் பானையிலிருந்து கையால் எடுத்துக் கொடுப்பார். அங்கே எச்சில், பத்து என்று தீட்டுப் பார்ப்பதுதான் குற்றம். வாங்கிச் சாப்பிடுங்கள். மேசை நாற்காலி தேடாதீர்கள்.

கவுகாத்தி காமாக்யா, கொல்கத்தா காளிகாட் போவதானால் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். ஆடு பலி உண்டு. நம் கிராமத்துக் காளி, முனியப்பன் கோயிலில் பார்த்ததுதான். பெரிய, புகழ்பெற்ற சக்தி பீடத்தில் எதிர்பார்க்க மாட்டோம், அவ்வளவுதான். காமாக்யாவில் ஜூன் மாத அம்புபாச்சி சமயத்தில், தேவி மாதவிலக்கில் இருப்பதாகக் கருதி மூன்று நாள் கோயிலை மூடுவார்கள்.

காசி, கயா, பூரி பண்டாக்களிடம் (யாத்ரிகர்களுக்குச் சடங்கு செய்துவைக்கும் புரோகிதர்கள்) ஒரே விதி: வேலை தொடங்கும் முன் தொகையைப் பேசி முடியுங்கள், முடிந்தபின் பேரம் பேசாதீர்கள். காசியில் மொழி தெரியவில்லை என்று பயப்பட வேண்டாம். கேதார் காட் படித்துறையில் குமரகுருபரர் வழிவந்த மடம், அனுமான் காட் படித்துறையில் பாரதியார் வாழ்ந்த வீடு, நகரத்தார் சத்திரம் என்று அந்தப் பக்கம் முழுதும் தமிழ்க் காற்று அடிக்கும். ராமேசுவரத்து மணலைக் கொண்டுபோய்ப் பிரயாகையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு ஊற்றும் நம் பழக்கத்தை அங்குள்ள படகுக்காரர்களே அறிவார்கள்.

படி 4: குருத்வாரா, தர்கா, மடம்

இங்கே நாம் தவறுவது குறைவு என்றேனே, அதனால் சுருக்கமாக.

அமிர்தசரஸ் பொற்கோயிலில் செருப்போடு சாக்சையும் கழற்ற வேண்டும். வாசல் வாய்க்காலில் கால் நனைத்துத்தான் உள்ளே போவது. ஆண், பெண், குழந்தை எல்லாரும் தலையை மூட வேண்டும். துணி அங்கேயே கிடைக்கும். பையில் சிகரெட், பீடி, புகையிலை கூடவே கூடாது, சீக்கியருக்கு அது பெரும் குற்றம். குளத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காராதீர்கள். சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிப் இருக்கும் பக்கம் கால் நீட்டாதீர்கள். லங்கர் என்ற பொதுப் பந்தியில் ரொட்டி தரும்போது இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி வாங்க வேண்டும். வலது கையை மட்டும் நீட்டுவது நம் பழக்கம், அங்கே அது அலட்சியம்போலத் தெரியும். தட்டில் மிச்சம் வைக்காதீர்கள். அரசரும் ஆண்டியும் ஒரே பந்தியில் உட்காரும் வழக்கம் அது. அக்பரே குரு அமர்தாசைப் பார்க்கும் முன் பந்தியில் அமர்ந்தார் என்று சொல்வார்கள். சாப்பிட்டபின் பாத்திரம் கழுவ உட்கார்ந்துவிடுங்கள். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நாகூர் போய்ப் பழகியவர்களுக்கு அஜ்மீர் அந்நியமாகத் தெரியாது. தலை மூட வேண்டும், காணிக்கை கேட்டு வற்புறுத்துவோரிடம் புன்னகையோடு மறுக்கலாம். தில்லி நிஜாமுதீன் தர்காவில் பெண்களுக்குச் சமாதி அறைக்குள் அனுமதி இல்லை. மும்பை ஹாஜி அலியில் 2016இல் உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் உண்டு. லடாக்கிலும் தவாங்கிலும் ஸ்தூபியையும் மந்திரம் பொறித்த கல்சுவரையும் வலப்பக்கம் வைத்துச் சுற்றுங்கள், நம் பிரதட்சிணம்தான். கட்டியிருக்கும் மந்திரக் கொடிகளை மிதித்துப் படம் எடுப்பது வேண்டாம்.

படி 5: 'சைவம்' என்ற சொல்லை நம்பாதீர்கள்

நாம் 'சைவம்' என்று சொல்வதைப் பஞ்சாப், இமாசலச் சாலைகளில் 'வைஷ்ணவம்' என்பார்கள். 'வைஷ்ணோ தாபா' என்று பலகை இருந்தால் சுத்த மரக்கறி உணவகம் என்று அர்த்தம். இங்கே சிவன் காய்கறி சாப்பிடுகிறார், அங்கே விஷ்ணு. காஷ்மீரி பண்டிட்டுகள் பரம சிவபக்தர்கள். சிவராத்திரிக்குப் பல வீடுகளில் ஆட்டுக்கறியும் மீனும் சமைப்பார்கள். வங்காள, மைதிலிப் பிராமணர்களுக்கு மீன் சாதாரணம். வங்காளக் கல்யாணத்தில் முழு ரோகு மீனுக்கு அலங்காரம் செய்து மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குச் சீர்த்தட்டில் அனுப்புவார்கள். "ஐயர் வீட்டில் மீனா?" என்று முகம் சுளித்தால், உபசரிக்கிறவர் மனம் கோணும்.

மறுபக்கமும் உண்டு. வங்காளத்தில் 'நிராமிஷ்' என்றால் வெங்காயம், பூண்டும் கிடையாது. காளி பூஜையில் பலியிட்ட ஆட்டை வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைத்துவிட்டு அதையும் நிராமிஷக் கறி என்பார்கள்! ஆகவே அங்கே 'வெஜ்' என்பதோடு நிறுத்தாமல், "மீன், கறி, முட்டை எதுவும் வேண்டாம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். குஜராத், ராஜஸ்தானில் 'ஜெயின்' என்றால் உருளைக்கிழங்கு, கேரட் உட்பட மண்ணுக்கடியில் விளைவது எதுவும் இல்லை. ஜைன வீட்டு விருந்துக்கு இரவு எட்டு மணிக்குப் போகாதீர்கள். கடைப்பிடிப்பவர்கள் சூரியன் மறையும் முன் சாப்பிட்டுவிடுவார்கள். பாலிதானா மலைக்கு மூவாயிரத்துச் சொச்சம் படி ஏறும்போதும் கையில் தின்பண்டம் கூடாது, இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும். ஹரித்துவார், ரிஷிகேசம், புஷ்கர் ஊர்களில் அசைவம் கேட்கவே கேட்காதீர்கள்.

பரிமாறும் வரிசையும் மாறும். குஜராத்தி தாலியில் இனிப்பு முதலிலேயே வந்துவிடும், பருப்பும் இனிக்கும். வங்காளத்தில் கசப்பில் தொடங்கி இனிப்பில் முடிப்பார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்தால் "ரசம் சோறு மாதிரி ஆக்கிவிட்டீர்களே" என்ற பார்வை வரும். கேரளச் சத்தியா விருந்தில் பாயசத்தோடு எழுந்துவிடாதீர்கள், அதற்கப்புறமும் மோரும் சோறும் வரும். ராஜஸ்தானில் விருந்தினரை வற்புறுத்திப் போடுவதற்கு 'மனுஹார்' என்றே பெயர். வாயால் "போதும்" என்றால் அது மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு போடுவார்கள். தட்டின்மேல் இரண்டு கையையும் மூடிக்கொள்வதுதான் வழி.

காஷ்மீர் வாஸ்வான் விருந்துக்கு அழைத்தால் ஒரு பெரிய தாம்பாளத்தைச் சுற்றி நாலு பேர். உங்களுக்கு எதிரே இருக்கும் கால்பங்குதான் உங்களுடையது. கை அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. கையலம்ப நீர் உங்கள் இடத்துக்கே வரும். கடைசியில் கோஷ்தாபா என்ற தயிர்க்குழம்பு இறைச்சி உருண்டை வரும், அதை மறுப்பது விருந்தையே மறுப்பதுபோல. முன்னதாக வந்தவற்றில் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள்.

படி 6: வீட்டுக்குள் போனால்

வடநாட்டு வீடுகளில் உட்கார்ந்தவுடன் தண்ணீர் வரும். தாகம் இல்லாவிட்டாலும் ஒரு வாய் குடியுங்கள். பெரியவர் காலைத் தொடுவது அங்கே அன்றாடம். நம்மூர்போல விசேஷத்துக்கு மட்டும் இல்லை. ஆனால் பல குடும்பங்களில் மகள்கள் பெற்றோர் காலைத் தொட மாட்டார்கள், தொட விடவும் மாட்டார்கள். பெண் பிள்ளை தேவி. கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் சாப்பிடாத பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் அப்பாக்கள் மகள் வீட்டில் மாதக்கணக்கில் இருந்து பேரனைப் பார்த்துக்கொள்வதைச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள்.

ராஜஸ்தான், ஹரியானா கிராமங்களில் முக்காடு போட்ட மருமகளிடம் ஆண்கள் தானாகப் பேச்சுக் கொடுக்க வேண்டாம். உறவுக் கல்யாணத்தைப் பற்றி நீங்களாகத் தொடங்காதீர்கள். ஆந்திரா, கர்நாடகத்தில் கவலையில்லை. மகாராஷ்டிரத்தில் மாமன் மகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேரளத்தில் முறைப்பெண் புரியும், அக்கா மகள் புரியாது.

படி 7: வடகிழக்கு

முதல் விதி: "நான் இந்தியாவிலிருந்து வருகிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். சிரிப்பதற்கில்லை, நம்மவர்கள் சொல்வதை என் காதால் கேட்டேன். நீங்கள் நிற்பதும் இந்தியாதான். முகத்தைப் பார்த்து நேபாளியா, சீனாவா என்று கேட்பதைவிடப் புண்படுத்தும் கேள்வி அங்கே இல்லை.

மேகாலயாவின் காசி இனத்தாருக்குத் தாய்வழி மரபு. பிள்ளைகளுக்கு அம்மாவின் குலப்பெயர். குடும்பச் சொத்து கடைக்குட்டி மகளுக்கு. "வீட்டில் ஆண் வாரிசு இல்லையா?" என்று அனுதாபப்படாதீர்கள். விருந்தினருக்கு முதலில் 'குவாய்' தருவார்கள், வெற்றிலை, சுண்ணாம்பு, பச்சைப் பாக்கு. நம் தாம்பூலம்தானே என்று முழுதாக மென்றேன். காது சூடேறி, வியர்த்து, சுவரைப் பிடித்து நின்றேன். முதல்முறை கால் துண்டு போதும். மாப்லாங் புனிதக் காட்டிலிருந்து ஒரு இலைகூட எடுத்துவரக் கூடாது. அறந்தாங்கி, புதுக்கோட்டை பக்கத்து ஐயனார் கோயில் காடுகளில் விறகு பொறுக்காத நம் பாட்டிகளுக்கு இது உடனே புரியும்.

மிசோரமில் ஞாயிற்றுக்கிழமை சர்ச், வீடு, வேறெதுவும் இல்லை. சனிக்கிழமையே சாப்பாட்டுக்கு வழி செய்துகொள்ளுங்கள். ஐசால் நகரில் வண்டிகள் ஒலி எழுப்பாமல் வரிசையில் போகும். நம் டிரைவர் பழக்கதோஷத்தில் ஹாரன் அடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். செலிங் பக்கத்து நெடுஞ்சாலையில் ஆளில்லாக் கடைகள் உண்டு. காய், பழம், விலை எழுதிய அட்டை, காசு போட ஒரு டப்பா. சரியான சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். நாகாலாந்தில் புளிக்கவைத்த சோயா மணம் தூக்கும்போது மூக்கைப் பொத்தாதீர்கள். நம்மூர்க் கருவாட்டைப் பக்கத்து வீட்டார் எப்படிச் சகித்தார்கள் என்று யோசித்தால் போதும்.

படி 8: கேமராவை எப்போது உள்ளே வைப்பது

காசி மணிகர்ணிகையில் எரியும் சிதையைப் படம் எடுக்காதீர்கள். அது யாரோ ஒருவர் வீட்டுச் சாவு. "விறகுக்குத் தர்மம்" என்று கேட்டு ஒட்டிக்கொள்பவர்களிடம் நிற்காமல் நடந்துவிடுங்கள். அருணாசலப் பிரதேசத்துச் சிரோவின் அபதானி இனப் பாட்டிகள், மூக்கில் வட்டத் தக்கை அணிந்தவர்கள், கண்காட்சிப் பொருளில்லை. கேட்டு, தலையசைத்தால் மட்டும் எடுங்கள்.

அந்தமானில் இது சட்டப் பிரச்சினையே ஆகும். ஜிர்காடாங்கிலிருந்து ஜரவா பழங்குடியினரின் காட்டு வழியே வண்டிகள் காவலோடு அணியாகத்தான் போகும். நிறுத்தவோ, படம் எடுக்கவோ, பிஸ்கட் எறியவோ கூடாது. 1956ஆம் ஆண்டு முதல் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இருக்கிறது, மீறினால் வழக்கு. அங்கே தமிழ் பேசும் டிரைவர் கிடைப்பது எளிது. "கொஞ்சம் மெதுவா போங்கண்ணே, ஒரு போட்டோ" என்று கெஞ்சி அவர் பிழைப்பில் மண் போடாதீர்கள்.

படி 9: தவறிவிட்டால்

தவறுவீர்கள். அப்போது விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள், "எங்கள் ஊரில் இப்படித்தான்" என்ற வாக்கியம் எந்த மொழியிலும் எடுபடாது. கை கூப்பி, இந்திப் பக்கம் "மாஃப் கீஜியே", வங்காளத்தில் "கிச்சு மனே கோர்பேன் நா", கேரளத்தில் "க்ஷமிக்கணம்". பிறகு பக்கத்தில் இருப்பவரிடம், எப்படிச் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமே இல்லை, சில சமயம் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள்.

அந்த ரயிலில் நான் செய்ததும் அதுதான். போபால் தாண்டியதும், "உங்கள் பக்கம் எப்படிப் பெண் பார்ப்பீர்கள்?" என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் கோத்திரங்களை விரல்விட்டு எண்ணிச் சொல்லத் தொடங்கினார். ஜான்சி வருவதற்குள் அந்த அம்மாளே இந்தப் பக்கம் திரும்பி, என் மனைவியிடம் கேட்டார்: "அப்படியென்றால் உன் மாமியார், மாமனார்?"

"மாமனார் என் தாய்மாமா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அட பாவமே, புருஷனோடு சண்டை வந்தால் நீ எங்கே போவாய்? பிறந்த வீட்டுக்குப் போனாலும் அது அவன் அத்தை வீடு!"

என் மனைவி சொன்ன பதிலை நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. டப்பாவைத் திறந்து சூர்மா லட்டை எடுத்து அவள் கையில் வைத்தார், எனக்குத் தரவில்லை.